முள்ளைச் சூழ்ந்த அணுக்கள்

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நடந்து சென்றபோது என் குதிகாலில் சீமைக் கருவேல முள் ஒன்று ஆழத் தைத்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தேன், முனை உள்ளேயே முறிந்து நின்றுவிட்டது. மூன்றாம் நாள் குதிகால் சிவந்து வீங்கியது. ஐந்தாம் நாள் சீழ் கட்டியது. என் அப்பத்தா பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்துக் காலை அதில் ஊறப்போடச் சொன்னார். சீழோடு முள்முனையும் வெளியே வந்தது. கெட்ட இரத்தம் போயிற்று, இனிப் புண் ஆறிவிடும் என்றார் அவர்.

விலங்கியல் இரண்டாண்டு படித்துவிட்ட செருக்கு எனக்கு. இது கெட்ட இரத்தமன்று. உடம்பைக் காக்க ஓடிவந்து பகையோடு பொருது மடிந்த வெள்ளணுக்களின் குவியல் என்று விளக்கினேன். அப்பத்தா மறுக்கவில்லை. சற்று நேரம் கழித்து, ஓடி வந்தது சரிதான், காலில் முள் குத்திய சேதியை அவற்றிடம் யார் போய்ச் சொன்னது என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. பாடநூலில் வெள்ளணுக்கள் வரும் என்று இருந்ததே தவிர, எதைக் கேட்டு வரும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

கல்லூரி திறந்ததும் எங்கள் துறைப் பேராசிரியரிடம் இதைக் கேட்டேன். அவர் உடனே விடை கூறவில்லை. முதலில் மெச்னிகோவின் வாழ்க்கையைப் படி; அதன்பின் பினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தைப் பற்றிப் படி; இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உன் அப்பத்தாவுக்கு விடை கிடைக்கும் என்றார். ஒரு மனிதருக்கும் ஓர் அமிலத்துக்கும் என்ன உறவு என்று வியந்தவாறே நூலகத்துக்குச் சென்றேன். அன்று தொடங்கிய படிப்பின் பயனே இக்கட்டுரை.

அவர் முழுப்பெயர் இலியா இலியீச் மெச்னிகோவ். பிரான்சு நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தமையால் அந்நாட்டார் வழக்கப்படி இலியா என்பது எலி ஆயிற்று. இதை எங்கள் வகுப்பில் நான் சொன்னபோது எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. ஆகவே இங்கே மெச்னிகோவ் என்றே எழுதுகிறேன்.

1845ஆம் ஆண்டு மே மாதம், அந்நாளில் உருசியப் பேரரசைச் சேர்ந்ததும் இன்று உக்ரைனில் உள்ளதுமான கார்கோவ் பகுதிச் சிற்றூர் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தை அரசர் படையில் அதிகாரி. சீட்டாட்டத்தில் பொருளிழந்து நாட்டுப்புறப் பண்ணைக்குக் குடிபெயர்ந்தவர். தாய் எமிலியா, யூத மரபில் வந்த எழுத்தாளர் ஒருவரின் மகள். ஐந்து குழந்தைகளில் மெச்னிகோவ் கடைக்குட்டி. சிறுவயதிலேயே செடிகொடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து, தம்மினும் இளைய பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொற்பொழிவு ஆற்றுவாராம். கேட்கும் பிள்ளைகளுக்குத் தம் கைக்காசைக் கொடுத்து உட்கார வைப்பாராம். நம் கல்லூரியில் இவ்வழக்கம் இருந்தால் பிற்பகல் வகுப்புகள் நிரம்பி வழியும்!

மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். தாய் தடுத்தார். பிறர் துன்பத்தைக் கண்டு தாங்கும் நெஞ்சம் அவனுக்கு இல்லை என்பது அத்தாயின் கணிப்பு. அக்கணிப்பு எவ்வளவு சரியானது என்பதைப் பின்னே காண்போம். 1862இல் விலங்கியல் பயிலச் செருமனியின் வூர்ட்சுபுர்க் நகரத்துக்குச் சென்றார். பல்கலைக்கழகம் திறக்க இன்னும் பல வாரங்கள் இருந்தன. அயலூரில் தனித்து நிற்கப் பொறாமல் அப்படியே வீடு திரும்பிவிட்டார். ஆனால் கையில் ஒரு புத்தகம் இருந்தது. டார்வின் எழுதிய உயிரினத் தோற்றம். பிறகு கார்கோவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் முடித்தார்.

அடுத்த சில ஆண்டுகள் கடலோரங்களிலும் அயல்நாட்டு ஆய்வுக்கூடங்களிலும் கழிந்தன. செருமனியில் கீசன் நகரில் இருந்தபோது, 1865இல், தட்டைப்புழு ஒன்று தன் இரையை உடல் அணுக்களுக்குள்ளேயே இழுத்துச் செரிப்பதைக் கண்டார். அப்போது அது ஒரு சிறு செய்தி. பதினேழு ஆண்டுகள் கழித்து அதுவே வித்தாயிற்று. நேப்பிள்சில் கோவலெவ்ஸ்கி என்ற நண்பரோடு சேர்ந்து முதுகெலும்பற்ற உயிர்களின் கருவளர்ச்சியை ஆராய்ந்து பரிசும் பெற்றார். 1870இல், இருபத்தைந்தாம் வயதில், ஒடெஸ்ஸாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

வெளியே பார்த்தால் வெற்றி வாழ்க்கை. உள்ளே அப்படியில்லை. 1869இல் அவர் லுத்மிலாவை மணந்தார். மணப்பெண்ணுக்கு எலும்புருக்கி நோய். திருமண நாளன்று நடக்க வலுவின்றி, நாற்காலியில் அமர்த்தித் தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்றனர். நோய் தீரும் என்று நம்பி ஊர் ஊராக அழைத்துச் சென்றார் மெச்னிகோவ். ஈட்டிய பொருளெல்லாம் செலவாயிற்று. இடையே தம் கண்பார்வையும் மங்கியது. நுண்ணோக்கியே வாழ்வாக இருந்தவருக்கு அது எவ்வளவு பெரிய இடி! 1873 ஏப்ரலில் மடீராத் தீவில் லுத்மிலா இறந்தார். மெச்னிகோவ் தம் உயிரையும் போக்கிக்கொள்ள முயன்றார். உடல் அதற்கு இணங்கவில்லை; பிழைத்தார். அதன்பின் ஜெனீவாவில் ஓர் இரவு விளக்கொளியைச் சுற்றிச் சிறு பூச்சிகள் மொய்ப்பதைக் கண்டு, இவ்வளவு குறுகிய வாழ்நாளுடைய இவற்றுக்கு இயற்கைத் தேர்வு எவ்வாறு பொருந்தும் என்ற வினா மனத்தில் எழ, அதைப் பற்றிக்கொண்டு மீண்டார் என்பர்.

1875இல் ஓல்கா என்ற இளம்பெண்ணை மணந்தார். ஓல்கா அவரிடமே விலங்கியல் கற்றவர். கடைசிவரை அவர் ஆய்வுத் துணைவி. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவரும் அவரே. 1880இல் ஓல்காவுக்குக் குடற்காய்ச்சல் கண்டது. பல்கலைக்கழகத்திலோ ஓயாத பூசல். இரண்டாம் முறையாக மெச்னிகோவின் மனம் உடைந்தது. 1881இல், விட்டுவிட்டு வரும் ஒருவகைக் காய்ச்சல் இரத்தத்தின் வழியே தொற்றுமா என்று அறிவதற்காக எனக் கூறி, நோயாளி ஒருவரின் இரத்தத்தைத் தம் உடலில் செலுத்திக்கொண்டார். சோதனை என்பது பெயரளவில்தான். இறக்க வேண்டும் என்ற எண்ணமே உள்ளே இருந்தது. கடுங்காய்ச்சலில் கிடந்தார், இதயம் நலிந்தது, ஆயினும் பிழைத்தெழுந்தார். அதே ஆண்டில் அவருடைய அண்ணன் இவான் நோயுற்று இறந்தார். டால்ஸ்டாய் எழுதிய இவான் இலியீச்சின் மரணம் என்ற குறுநாவலுக்கு அந்தச் சாவே தூண்டுகோல் என்பது இலக்கிய மாணவர்கள் அறிந்தது.

இருமுறை சாவின் வாயிலைத் தட்டியவர் இவர். அவ்விரு முறையும் அவரைக் காத்தது அவர் உடம்பே, அவர் விருப்பமன்று. இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உடம்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வகையை உலகுக்குக் காட்டியவர் இவரே அல்லவா!

1882இல் பேராசிரியர் பதவியைத் துறந்தார். ஓல்காவின் பெற்றோர் விட்டுச்சென்ற சொத்து கைகொடுத்தது. ஓல்காவின் தம்பி தங்கையரையும் அழைத்துக்கொண்டு சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரம் சேர்ந்தார். கடலைப் பார்த்த வீடு. முன்னறையில் நுண்ணோக்கி. மீனவர் கொண்டுவந்து தரும் கடலுயிர்களே ஆய்வுப் பொருள்.

அவ்வாண்டு டிசம்பர் மாதம். ஒரு நாள் குடும்பத்தார் அனைவரும் பழக்கப்பட்ட குரங்குகளின் வித்தையைக் காண சர்க்கசுக்குப் போய்விட்டனர். மெச்னிகோவ் தனியே இருந்து நட்சத்திர மீனின் இளவுயிரியை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அது கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலுடையது. உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அதன் உடலினுள் அமீபாவைப் போலச் சில அணுக்கள் ஊர்ந்து திரிந்தன. அவை உணவைச் செரிப்பவை என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். திடீரென்று ஓர் எண்ணம் தோன்றியது. இவ்வணுக்கள் உடலுக்குள் நுழையும் அயற்பொருளை எதிர்க்கும் காவலர்களாக ஏன் இருக்கக்கூடாது? அப்படியானால், இதன் உடலில் ஒரு முள்ளைக் குத்தினால் இவை முள்ளைச் சூழ வேண்டும். மனிதன் விரலில் சிலாம்பு ஏறினால் சீழ் சூழ்வதுபோல.

இருப்புக் கொள்ளாமல் அறையில் உலாவினார்; கடற்கரைக்குச் சென்று மனத்தை அடக்கிக்கொண்டு திரும்பினார். தோட்டத்து ரோசாச் செடியிலிருந்து சில முட்களைக் கிள்ளிவந்து, நீர்போல் தெளிந்த அந்த இளவுயிரிகளின் தோலடியில் செருகினார். அன்றிரவு உறக்கமில்லை. விடிந்தும் விடியாமலும் எழுந்து சென்று பார்த்தார். முள்ளைச் சுற்றி ஊர்வணுக்கள் திரண்டு நின்றன.

நண்பர்களே, அந்த இளவுயிரிக்கு இரத்தக் குழாய் இல்லை. நரம்பு வழியே ஏவி நடத்தும் மூளை இல்லை. ஆயினும் அணுக்கள் வந்தன. வீக்கம் என்றாலே இரத்தக் குழாய்களின் கோளாறு என்று கற்பித்துவந்த மருத்துவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இருக்க முடியாது.

1883இல் நோயியலின் தந்தையெனப் போற்றப்பட்ட விர்ஷோ மெஸ்ஸினாவுக்கு வந்தபோது இதைக் கண்டார், ஊக்கினார், ஆனால் எச்சரிக்கவும் செய்தார். கிருமிகளை உடலெங்கும் சுமந்து பரப்புபவை வெள்ளணுக்களே என்றுதான் அக்காலத்து ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்தனர். காவலனைத் திருடன் என்று எழுதிவைத்திருந்த காலம் அது! பின்னர் வியன்னாவில் கிளௌஸ் என்ற பேராசிரியரைக் கண்டபோது, இவ்வணுக்களுக்குக் கிரேக்க மொழியில் ஃபாகோசைட் என்று பெயர் கிடைத்தது. விழுங்கும் அணு என்பது பொருள். அவற்றுள் பெரியவற்றுக்கு மேக்ரோஃபேஜ் என்று மெச்னிகோவ் இட்ட பெயரை இன்றும் நாம் தேர்வில் எழுதுகிறோம்.

முள் என்பது நோயன்று என்று எவரேனும் வாதிடலாம். ஆகவே அவர் நோயைத் தேடினார். நீர்த்தெள்ளு என்னும் டாஃப்னியாவில் கண்டார். நம் செய்முறை வகுப்பில் கண்மாய்த் தண்ணீரில் பிடித்துத் துள்ளத் துள்ளப் பார்க்கிறோமே, அதே உயிர்தான். அதை ஒருவகை நொதிக்காளான் தாக்குகிறது. ஊசி போன்ற அதன் வித்துகளை நீர்த்தெள்ளு உணவோடு விழுங்கிவிடும். வித்து குடற்சுவரைத் துளைத்து உடற்குழிக்குள் நுழையும். அங்கே வெள்ளணுக்கள் அதைப் பற்றி, சூழ்ந்து, கரைத்துவிட்டால் நீர்த்தெள்ளு பிழைக்கும். ஒரு வித்து தப்பி மொட்டுவிட்டுப் பெருகிவிட்டால் நீர்த்தெள்ளு மாளும். உயிருள்ள உடலில், கண்ணெதிரே, வெற்றியும் தோல்வியுமாக ஒரு போர்! 1884இல் இதை விர்ஷோவின் ஆய்விதழிலேயே வெளியிட்டார். முள்ளைவிட இந்த நீர்த்தெள்ளே அவருடைய வலுவான சான்று என்பது என் கருத்து. ஆனால் உலகம் முள்ளைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

இனித்தான் சிக்கல் தொடங்குகிறது. எதிர்ப்பாளர்கள், சிறப்பாகச் செருமானிய அறிஞர்கள், ஒரு குற்றச்சாட்டைத் திரும்பத் திரும்பச் சாற்றினர். ஓரணுவுக்கு அறிவும் நோக்கமும் இருப்பதுபோல் மெச்னிகோவ் பேசுகிறார். பகை வந்ததை அணு எவ்வாறு அறியும். இது அறிவியலன்று, கற்பனை என்றனர். என் அப்பத்தா கேட்டதும் இதையேதான். மெச்னிகோவ் தந்த விடை என்ன? பெரணியின் ஆணணுக்கள் மாலிக் அமிலத்தை நாடி நீந்துவதைப் பெஃபர் 1884இல் காட்டியிருந்தார். வீக்கம் உண்டாக்கும் பொருள்களை நோக்கி வெள்ளணுக்கள் ஈர்க்கப்படுவதை லேபர் 1888இல் காட்டினார். ஆகவே வெள்ளணுவும் ஏதோ ஒரு வேதிப்பொருளின் வாசனையைப் பிடித்தே வருகிறது. அமீபா இரையைத் தேடுவதற்கு மேல் இதில் மாயம் ஏதும் இல்லை என்றார். ஆனால் அந்த வாசனைப் பொருள் இன்னது என்று பெயர் சொல்ல அவரால் இயலவில்லை. அக்கால வேதியியலால் அது இயலாது.

இதற்கிடையே 1886இல் ஒடெஸ்ஸாவில் தொடங்கிய நுண்ணுயிரியல் நிலையத்துக்கு அவர் தலைவரானார். மருத்துவப் பட்டம் பெறாதவர் மருத்துவ நிலையத்தை நடத்துவதா என்று உள்ளூர் மருத்துவர்கள் முணுமுணுத்தனர். ஆடுகளுக்கு அடைப்பான் தடுப்பூசி போட்டதில் ஆயிரக்கணக்கான ஆடுகள் மாண்டபோது முணுமுணுப்பு கூச்சலாயிற்று. அப்போது அவர் ஊரிலேயே இல்லை. இருந்தும் பழி அவர்மேல்தான் விழுந்தது. 1887இல் பெர்லினில் கோக்கைக் கண்டு தம் கண்ணாடித் தகடுகளைக் காட்டினார். வரவேற்பு உறைபனியாக இருந்தது. பாரிசில் பாஸ்டரோ, முதியவராயினும் நோயாளியாயினும், அன்போடு வரவேற்று ஓர் ஆய்வுக்கூடத்தைத் தந்தார். 1888 முதல் இறக்கும்வரை, இருபத்தெட்டு ஆண்டுகள், பாஸ்டர் நிலையமே அவருக்கு வீடு. ஒடெஸ்ஸாவில் அவரிடம் பயின்ற ஹாஃப்கின் என்ற இளைஞரும் பின்னால் அங்கே வந்து சேர்ந்தார். 1893இல் காலராத் தடுப்பூசியோடு கல்கத்தாவுக்கு வந்தவரும், 1897இல் பம்பாயில் பிளேக் தடுப்பூசியைத் தம் உடலிலேயே முதலில் செலுத்திக்கொண்டவரும் அந்த ஹாஃப்கினே. மும்பையில் அவர் பெயரால் ஆய்வு நிலையம் உள்ளது.

1890இல் பேரிங்கும் கிட்டசாட்டோவும் இரத்த நீரில் நஞ்சை முறிக்கும் பொருள் உண்டெனக் காட்டினர். காப்பது அணுவா, இரத்த நீரா என்ற வழக்கு இருபது ஆண்டுகள் நடந்தது. ஒவ்வொரு புதிய எதிர்ச்சான்றையும் எடுத்துக்கொண்டு மெச்னிகோவ் தம் ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்து, அதைத் தானே செய்து பார்த்து, மறுமொழி எழுதினார். இத்தனைக்கும் அவர் கூடத்திலேயே பணியாற்றிய போர்டே என்பவர்தான் இரத்த நீரின் கிருமிக்கொல்லி ஆற்றலை விளக்கினார். தம் கொள்கைக்கு எதிர்க்கட்சியின் படைக்கலம் தம் வீட்டு அடுப்பிலேயே காய்ச்சப்படுவதை அவர் தடுக்கவில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1903இல் இலண்டனில் ரைட்டும் டக்ளசும் வழக்கைத் தீர்க்க வழிகாட்டினர். இரத்த நீரிலுள்ள பொருள் கிருமியின் மேல் படிகிறது. அவ்வாறு படிந்த கிருமியை வெள்ளணு எளிதாக விழுங்குகிறது. இரு தரப்பும் சரி. 1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மெச்னிகோவுக்கும் எதிரணியின் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

பரிசு நாள் டிசம்பர் 10. பதினெட்டே நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று, மெஸ்ஸினா நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமாயிற்று. அந்தப் பேரிடரை ஒட்டியே, முள்ளைச் செருகிய அந்நாளை நினைவுகூர்ந்து அவர் கட்டுரை எழுதினார்.

முதுமைக் காலத்தில் அவர் கருத்து முதுமையின் மேலேயே சென்றது. பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்களே மூப்புக்குக் காரணம், புளித்த பாலிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றை அடக்கும் என்றார். தாமும் நாள்தோறும் புளித்த பால் அருந்தினார். ஐரோப்பா முழுதும் தயிருக்கு ஒரு மோகம் பிறந்தது. தினமும் மோர் குடிக்கும் நமக்கு இது புன்னகை தரும் செய்தி. ஆனால் முள்ளுக்கும் நீர்த்தெள்ளுக்கும் காட்டிய கடுஞ்சோதனையை அவர் தயிருக்குக் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் உலகப் போர் அவர் கூடத்து இளைஞர்களைக் களத்துக்கு இழுத்துச் சென்றது. அவர் இதயம் தளர்ந்தது. 1916 ஜூலையில், பாஸ்டர் வாழ்ந்த அதே அறைகளில், எழுபத்தோராம் வயதில் காலமானார். இறந்தபின் தம் குடலைக் கவனமாக அறுத்துப் பார்க்குமாறு நண்பர் ஒருவரிடம் சொல்லியிருந்தார். இளமையில் இருமுறை சாவை நாடியவர், கடைசியில் தம் சாவையும் ஆய்வுக் குறிப்பாகவே கருதினார். அவர் சாம்பல் பாஸ்டர் நிலைய நூலகத்தில் ஒரு கலசத்தில் இருக்கிறது.

வாழ்க்கை முடிந்தது, வினா முடியவில்லை. வெள்ளணுவை அழைத்தது எது?

இங்கேதான் பினைல்அலனின் வருகிறது. புரதங்களைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களில் அது ஒன்று. பென்சீன் வளையம் ஒன்றைத் தோளில் சுமந்தது. நம் உடலால் அதைச் செய்துகொள்ள இயலாது. பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றிலிருந்துதான் பெற வேண்டும். 1879இல் ஷுல்ட்சே, பார்பியேரி என்ற இருவர் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் லூபின் முளைகளில் இதை முதன்முதலாகக் கண்டனர். 1882இல் எர்லன்மையரும் லிப்பும் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கினர். மெஸ்ஸினாவில் ரோசா முள் தைத்ததும் அதே 1882தான்! ஒன்றையொன்று அறியாமல் இரு செய்திகளும் தொண்ணூறு ஆண்டுகளுக்குமேல் தனித்தனியே கிடந்தன.

1964இல் மார்க்கரும் சாங்கரும் பாக்டீரியாவில் பார்மைல் மெத்தியோனைன் என்ற பொருளைக் கண்டனர். பாக்டீரியா தன் புரதங்களைக் கட்டத் தொடங்கும்போது முதல் கண்ணியாக வைப்பது அதுவே. மெத்தியோனைன் என்னும் அமினோ அமிலம் பார்மைல் என்ற சிறு தொப்பி அணிந்து நிற்கும் கோலம் எனலாம். நம் அணுவின் பொதுவான புரதங்கள் அத்தொப்பி இன்றியே தொடங்குகின்றன. அப்படியானால் தொப்பியணிந்த துண்டுதான் பகைவனின் அடையாளமோ என்ற எண்ணம் எழுந்தது. 1975இல் அமெரிக்காவில் ஷிஃப்மனும் துணைவரும் அவ்வகைத் துண்டுகளைச் செய்து வெள்ளணுக்களுக்குக் காட்டினர். அணுக்கள் அவற்றை நாடி ஊர்ந்தன. மறு ஆண்டில் ஷோவலும் துணைவரும் பல துண்டுகளை ஒப்பிட்டனர். அவற்றுள் தலைசிறந்தது மூன்றே கண்ணிகள் கொண்டது: பார்மைல் மெத்தியோனைன், லியூசின், மூன்றாவதாகப் பினைல்அலனின். முயலின் வெள்ளணுக்கள் இதை எவ்வளவு நுட்பமாக உணர்கின்றன என்று கணக்கிட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ இரண்டு கோடி லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் கரைந்திருந்தாலும் போதும். கடைசிக் கண்ணியாகிய பினைல்அலனினை நீக்கிவிட்டாலோ அழைக்கும் ஆற்றல் பன்மடங்கு குறைந்துவிடுகிறது. தொப்பியைக் கழற்றினாலும் அப்படியே. 1984இல், குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியா வளர்ந்த நீரிலேயே இந்த மும்மணி கண்டறியப்பட்டது. ஆய்வாளர் கற்பனை செய்தது பகைவன் கையிலேயே இருந்தது. 1990இல் இதைப் பற்றும் ஏற்பியின் மரபுக்குறிப்பும் படிக்கப்பட்டது. வெள்ளணுவின் மேற்பரப்பில் பூட்டு. பாக்டீரியா சிந்தும் துண்டு சாவி. எந்தப் பக்கம் சாவிகள் மிகுதியோ அந்தப் பக்கம் அணு கால் நீட்டுகிறது. மூளை தேவையில்லை, நோக்கம் தேவையில்லை. மெச்னிகோவ் சொன்னபடி வாசனையே போதும்.

எல்லா அழைப்பும் இது ஒன்றுதான் என்று யாரும் எண்ணவேண்டா. அடிபட்ட திசுவும் பிற வெள்ளணுக்களும் விடுக்கும் அழைப்புகள் வேறு பல உண்டு. அதேபோல் பினைல்அலனினுக்கு அழைக்கும் வேலை மட்டுமே என்றும் எண்ணவேண்டா. 2007இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் மற்றொரு முகத்தைக் காட்டினர். போர் முற்றும்போது சில காவலணுக்கள் ஒரு நொதியைச் சுரக்கின்றன. அது சுற்றிலுமுள்ள பினைல்அலனினைச் சிதைக்கிறது. டி லிம்ஃபோசைட்டுகளின் பெருக்கம் தளர்கிறது. மெச்னிகோவ் பெயரிட்ட மேக்ரோஃபேஜ்களும் இந்நொதியை உண்டாக்க வல்லவை. ஓர் இடத்தில் போர் முரசு. மற்றோரிடத்தில் போர் நிறுத்தம். புற்றுக்கட்டிகள் சில இந்நிறுத்தத்தையே கேடயமாகப் பயன்படுத்தித் தப்புகின்றன.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அப்பத்தாவிடம் விடை சொன்னேன். சேதி சொன்னது முள்ளோடு உள்ளே போன கிருமியே. அது சிந்திய துணுக்கின் வாலில் பினைல்அலனின் இருந்தது. பாத்தி கட்டி நீங்கள் விளைவிக்கும் பயற்றிலும் அதே பொருள் இருக்கிறது என்றேன். அப்பத்தா உலையில் பருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். நாம் உண்பதிலும் அதுதான், பகையிடமும் அதுதான் என்றால், நம்முடையது எது, பிறத்தியாருடையது எது என்று அந்தக் காவற்காரனுக்கு எப்படித் தெரியும் என்றார். இம்முறை நான் விழிக்கவில்லை. தலையிலிருக்கும் தொப்பியைப் பார்த்து என்றேன். அவருக்கு அது நிறைவாகவே இருந்தது.

மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை. நம் அணுக்களுக்குள் இருந்து ஆற்றல் தரும் அவை, பழங்காலத்தில் குடிபுகுந்த பாக்டீரியாவின் வழிவந்தவை. அவை தாமே கட்டும் புரதங்களுக்கு இன்றும் அதே பார்மைல் தொப்பிதான். கிருமியே நுழையாத நசுக்குக் காயத்திலும் அணு உடைந்து மைட்டோகாண்ட்ரியாவின் துண்டுகள் சிந்தினால் வெள்ளணுக்கள் படையெடுத்து வருவது இதனால் என்று 2010இல் விளக்கினர். இதைச் சொன்னால் அப்பத்தா மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்பார். அதற்கு முன் நான் இன்னும் கொஞ்சம் படித்துக்கொள்ள வேண்டும்.